எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். உங்கள் நாளிதழ் இங்கே காகிதத்தில் கிடைக்காது, இணையத்தில்தான் படிக்கிறேன், அதுவும் மின்சாரம் இருக்கிற நேரத்தில். மூன்று வாரத்துக்கு முன் உங்கள் கணினிப் பகுதியில் ஒரு துணுக்கு வந்திருந்தது. கம்ப்யூட்டர் திறக்க நேரமாகிறதா, டாஸ்க் மேனேஜரில், கம்ப்யூட்டரோடு சேர்ந்து தானாக எழும் மென்பொருள்களைப் பட்டியல் போட்டுக் காட்டும் ஸ்டார்ட்அப் பக்கத்துக்குப் போய் அங்கே இருப்பதை எல்லாம் டிஸேபிள் செய்து நிறுத்திவிடுங்கள், அப்புறம் பாருங்கள் பறக்கும், என்று. மொத்தம் நாலு வரி. அந்த நாலு வரியால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பெரியவருக்கு ஒரு கேள்வித்தாளும் போனது. கோபமாக எழுதவில்லை, ஆனால் சொல்லாமல் விடவும் மனசில்லை.

காளியம்மன் கோயில் பக்கம் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். பெரியவர்கள் இன்னும் ஃபிரேசர் தெரு என்றே சொல்கிற அனவ்ரட்டா சாலையிலிருந்து கூப்பிடு தூரம். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை எல்லாம் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் பர்மிய எழுத்து என்று அடித்துக் கொடுப்பது தொழில். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. ஆனால் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்திலிருந்து இந்தப் பெட்டிகளோடு மல்லுக்கட்டியவன், அதனால் அக்கம்பக்கத்தில் யார் வீட்டுப் பெட்டி படுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தரும் எங்கள் வாத்தியாரும் கூப்பிட்டார். எழுபது தாண்டியவர், உங்கள் இதழை எழுத்து விடாமல் படிப்பவர். "தம்பி, பெட்டியில தமிழ் போயிடுச்சு. பர்மாவும் போயிடுச்சு. இங்கிலீஷ் மட்டும்தான் வருது" என்றார். வைரஸ்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் ஸ்டார்ட்அப் பட்டியலில் பதினேழு வரி, பதினேழிலும் டிஸேபிள். "உங்க பேப்பர்லதான் போட்டிருந்தான்" என்று என்னிடமே சொல்கிறார், ஏதோ நான்தான் அச்சடித்த மாதிரி.

அந்தப் பதினேழில் ஒன்று என்ஹெச்எம் ரைட்டர், தமிழ் அடிப்பதற்கு. இன்னொன்று கீமேஜிக், பர்மிய எழுத்துக்கு. இரண்டும் தனி மென்பொருள்கள், பெட்டி திறக்கும்போது கூடவே எழுந்து கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் வேலை செய்யும். எழாவிட்டால் விசைப்பலகை வெள்ளைக்காரன் ஆகிவிடும். வாத்தியாருக்கு அது ஒரு மென்பொருள் என்பதே தெரியாது. நாலு வருஷத்துக்கு முன் யாரோ போட்டுக் கொடுத்தார்கள், அன்றிலிருந்து திறந்தால் தமிழ் வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். லேப்டாப்பில் இரண்டு விரலால் பக்கத்தைத் தள்ளுவதும் நின்றிருந்தது. பழைய லேப்டாப்புகளில் டச்பேடுக்கு என்று தனியாக ஒன்று ஓடும், அதுவும் அந்தப் பதினேழில் அடக்கம்.

இது எல்லாம் பார்த்ததும் தெரிகிற கோளாறு. அரை மணி நேரத்தில் சரி செய்துவிட்டேன். மூன்றாம் நாள்தான் பெரிய அடி. வாத்தியாரிடம் ஒரு யுபிஎஸ் இருக்கிறது, மின்சாரம் போனால் பத்து நிமிஷம் தாங்கும். அதோடு வந்த மென்பொருள் ஒன்று உண்டு, பேட்டரி தீரப்போகிற நேரத்தில் பெட்டியைத் தானாக ஒழுங்காக மூடிவிடும். அதுவும் டிஸேபிள். நானும் அந்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். மின்சாரம் போனபோது அவர் அடுப்படியில் இருந்தார், யுபிஎஸ் கீ கீ என்று கத்தியது காதில் விழவில்லை, பத்து நிமிஷத்தில் அதுவும் செத்தது. அரையாண்டுக் கேள்வித்தாள் இரண்டு பக்கம் அடித்துச் சேமிக்காமல் வைத்திருந்தார். போச்சு.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தைத்தான் உங்கள் துணுக்கு சொல்லியிருக்க வேண்டும். தமிழ் வராவிட்டால் அடுத்த நொடியே தெரியும், கூச்சல் போடுவோம், கையால் திறந்துகொள்ளலாம். யுபிஎஸ் மென்பொருள் ஓடாவிட்டால் யாருக்கும் தெரியாது, தெரியும்போது வேலை கெட்டிருக்கும். ஒன்று ஸ்டார்ட்அப்பில் இருக்கலாமா வேண்டாமா என்று நான் இப்போது பார்ப்பதே இப்படித்தான்: இது எழவில்லை என்றால் எனக்குத் தெரியவருமா? தெரியவரும் என்றால் தாராளமாக எடுத்துவிடலாம், வேண்டும்போது இரண்டு கிளிக்கில் திறந்துகொள்ளப் போகிறோம். தெரியாமலே போகும் என்றால் அதைத் தொடவே கூடாது, எவ்வளவு கனமாக இருந்தாலும்.

கனம் என்றதும் அந்தப் பட்டியலில் எது எவ்வளவு பாரம் என்று காட்டும் இம்பேக்ட் என்கிற பத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். ஹை என்று போட்டிருந்தால் கெட்டது, லோ என்று போட்டிருந்தால் நல்லது என்று நினைக்கிறார்கள். ஹை என்றால் தொடங்குகிற நேரத்தில் ஒரு நொடிக்கு மேல் பிராசசர் நேரமோ 3 எம்பிக்கு மேல் டிஸ்க் வேலையோ வாங்குகிறது என்று மட்டும்தான் அர்த்தம். 300 மில்லி நொடிக்கும் 300 கேபிக்கும் உள்ளே முடிந்தால் லோ. புதிதாகப் போட்டது என்றால் இன்னும் அளக்கவில்லை என்று காட்டும், ஒரு தடவை மூடித் திறந்தால்தான் கணக்கு வரும். அது வெறும் விலைச்சீட்டு. அரிசி மூட்டை கனமாக இருக்கிறது என்று யாரும் கடையிலேயே விட்டுவிட்டு வருவதில்லை.

சென்னையில் இருக்கிறவர்களுக்கு இது இவ்வளவு பெரிய விஷயமா என்று தோன்றலாம். லேப்டாப்பை மூடுகிறீர்கள், தூங்குகிறது, திறக்கிறீர்கள், விட்ட இடத்திலிருந்து வருகிறது. இங்கே கதை வேறு. மின்சாரம் முறை போட்டுத்தான் வரும், சில மணி நேரம் இருக்கும், சில மணி நேரம் இருக்காது, முறைக்குள்ளேயே இரண்டு தடவை போய் வருவதும் உண்டு. வந்தவுடன் தெருவில் பிள்ளைகள் எல்லாம் "மீ லாபி" என்று கத்துவார்கள், பர்மிய மொழியில் கரண்ட் வந்துவிட்டது என்று. அந்தக் கூச்சல் அடங்குவதற்குள் நான் மூன்று பெட்டியையும் தட்டிவிட்டிருப்பேன். பகலில் குறைந்தது நாலு தடவை. அதிலும் ஒன்று கவனியுங்கள், விண்டோஸ் 8-லிருந்து நாம் ஷட்டவுன் கொடுத்தால் அது முழுக்க மூடுவதில்லை, உள் பகுதியை அப்படியே டிஸ்கில் எழுதிவைத்து அடுத்த தடவை சீக்கிரம் எழும்பும். சடாரென்று மின்சாரம் போனால் அந்தச் சலுகை கிடையாது, அடியிலிருந்து எழ வேண்டும். ஆக ஒரு தடவைக்கு மூன்று நிமிஷம் வீணானால் எனக்கு நாளைக்குப் பன்னிரண்டு நிமிஷம், அதுவும் வாடிக்கையாளர் முன்னால் நிற்கிற நேரத்தில்.

பெட்டிகளும் பழசு. வாத்தியாருடையது ஜப்பானிலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட் லேப்டாப், உள்ளே சுழல்கிற ஹார்டு டிஸ்க். அதில் ஊசி ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகர்ந்து சரியான தடத்தில் நிற்கப் பத்துப் பதினைந்து மில்லி நொடி ஆகும், அதாவது ஒரு நொடியில் நூறு இடத்துக்குக்கூடப் போக முடியாது. பதினேழு மென்பொருள் ஒரே நேரத்தில் என் கோப்பு எங்கே என் கோப்பு எங்கே என்று கேட்டால் என்ன ஆகும்? எங்கள் ஊர் டீக்கடையில் காலை ஏழு மணிக்குப் பையன் ஒருவன்தான் இருப்பான், பதினேழு மேஜையிலும் உதட்டைக் குவித்து உச் உச் என்று கூப்பிடுவார்கள் (இங்கே அப்படித்தான் கூப்பிடுவது, மரியாதைக் குறைவு இல்லை), பையன் பாதி தூரம் ஒரு மேஜைக்கு, அங்கிருந்து திரும்பிப் பாதி தூரம் இன்னொன்றுக்கு, கடைசியில் யாருக்கும் டீ வராது. கையில் காசு இருந்தால் முதல் வேலையாக, சுழல்வதும் ஊசியும் இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் போடுங்கள், ஸ்டார்ட்அப் பட்டியலைச் சுத்தம் செய்வதை விடப் பத்து மடங்கு பலன். அது இல்லாதவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு முழுதும்.

சரி, அந்தப் பதினேழுக்கு வருகிறேன். அதில் ஆறு, ஏதோ ஒன்றுக்கு அப்டேட் இருக்கிறதா என்று பார்க்க மட்டுமே எழுபவை. பிரிண்டருக்கு ஒன்று, பிடிஎஃப் படிப்பதற்கு ஒன்று, ஜாவாவுக்கு ஒன்று, இப்படி. பிரிண்டரின் மை நிலவரம் காட்டுகிற மென்பொருள் எழாவிட்டாலும் பிரிண்டர் அடிக்கும், அடிப்பதைப் பார்த்துக்கொள்வது விண்டோஸின் சர்வீஸ், அதாவது கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் ஓடுவது, அது இந்தப் பட்டியலிலேயே இல்லை. இந்த ஆறையும் எடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை, மாதம் ஒரு தடவை கையால் அப்டேட் பார்த்துக்கொள்ளச் சொல்லி சுவரில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டு வந்தேன். இன்னொரு நன்மையும் உண்டு: வாத்தியார் போனிலிருந்துதான் இணையம் எடுக்கிறார். திறந்தவுடன் ஆறு பேர் போட்டி போட்டு அவர் டேட்டாவை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

செய்தியும் படமும் அனுப்புகிற வைபர் ஒன்று இருந்தது. பர்மாவில் வைபர் இல்லாத போன் கிடையாது. வாத்தியார் அதைப் போனிலேயே பார்த்துக்கொள்வார், பெட்டியில் எழத் தேவையே இல்லை, எடுத்துவிட்டேன். ஆனால் என் கடையில் அதே வைபர் முதலில் எழுந்தாக வேண்டும், பத்திரிகையின் மாதிரியை அனுப்பித் திருத்தம் வாங்குவதே அதில்தான், ஒரு திருத்தம் கண்ணில் படாமல் போய் மாப்பிள்ளை பெயரில் ஒரு எழுத்து தவறாக ஐந்நூறு அட்டை அடித்தால் அந்தச் செலவு என் தலையில். ஒரே மென்பொருள், நூறடி தூரத்தில் இரண்டு பெட்டி, இரண்டு விதமான பதில். அதனால்தான் இதை எடு இதை வை என்று பத்திரிகையில் பட்டியல் போட்டாலும் உபயோகமில்லை என்று நினைக்கிறேன்.

நம் கோப்புகளை இணையத்தில் ஏற்றிவைக்கும் ஒன்டிரைவ் பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். அது கனமானது, எல்லோரும் முதலில் அதைத்தான் எடுப்பார்கள். டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் அதில் ஏறுகிற மாதிரி வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ஏறுகிறது என்று நம்பிக்கொண்டே இருப்பீர்கள், அது எழவே இல்லை என்றால் ஒன்றும் ஏறாது, சத்தமும் போடாது. யுபிஎஸ் கதைதான். கோப்புகளை இணையத்தில் மட்டும் வைத்துக்கொண்டு பெயரை மட்டும் பெட்டியில் காட்டுகிற வசதி போட்டிருந்தால் அது ஓடாமல் அந்தக் கோப்புகள் திறக்கவும் திறக்காது. பயன்படுத்தவே இல்லை என்றால் தயங்காமல் எடுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டி என்று கேடயம் போட்ட வரியைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. அது வெறும் சின்னம் காட்டுவதற்கு, காவல் வேலை பின்னால் சர்வீஸாகத் தனியே நடக்கிறது. இருந்தாலும் விட்டுவையுங்கள், பாரம் ஒன்றும் இல்லை, ஏதாவது ஆபத்து என்றால் அந்தச் சின்னத்தில்தான் சிவப்பு தெரியும்.

பெயர் மட்டும் புரோகிராம் என்று, நிறுவனத்தின் பெயரும் இல்லாமல், வெள்ளைத் தாள் படத்தோடு ஒரு வரி இருந்தது. பார்த்தால் திகிலாக இருக்கும். பெரும்பாலும் அது எப்போதோ நீக்கிய மென்பொருளின் எச்சம்தான். பத்தித் தலைப்பின் மேல் வலது கிளிக் செய்து கமாண்ட் லைன் என்பதைச் சேர்த்தால் எந்தக் கோப்பைத் தேடுகிறது என்று முழு முகவரியும் தெரியும். இதைச் செய்து பார்க்காமல் மட்டும் விடாதீர்கள், ஏனென்றால் திருடனும் இந்த வாசல் வழியாகத்தான் வருவான். 2008, 2009 வாக்கில் இங்கே வைரஸ் இல்லாத பென் டிரைவையே பார்க்க முடியாது, கடைக்கு வருகிற ஒவ்வொரு பென் டிரைவும் ஒரு குட்டி போட்டுவிட்டுப் போகும், அந்தக் குட்டி தன் பெயரை விண்டோஸின் அமைப்புக் குறிப்பேடான ரெஜிஸ்ட்ரியில் ரன் என்கிற இடத்தில் எழுதிவைத்துக்கொண்டு தினமும் நம்மோடு சேர்ந்து எழும். டாஸ்க் மேனேஜரில் தெரிவது அந்த வாசல்களில் இரண்டு மூன்றுதான். மற்றதையும் பார்க்க வேண்டும் என்றால் ஆட்டோரன்ஸ் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, மார்க் ருசினோவிச் என்பவரும் பிரைஸ் காக்ஸ்வெல் என்பவரும் எழுதியது, அவர்களுடைய சிஸின்டர்னல்ஸ் என்கிற மென்பொருள் தொகுப்பை 2006-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது, இன்றும் இலவசம். அதில் எதையும் டெலிட் செய்யாமல் டிக் மார்க்கை மட்டும் எடுக்க வேண்டும், திரும்பப் போட்டுக்கொள்ளலாம். வாத்தியார் மாதிரி ஆட்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

தட்டச்சு மென்பொருள் விஷயத்தில் இன்னொரு வழியும் இருந்தது. விண்டோஸ் 10-ன் பிந்தைய பதிப்புகளிலும் 11-லும் தமிழ் 99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, பர்மிய விசைப்பலகையும் இருக்கிறது. அதைச் சேர்த்துக்கொண்டால் தனியாக எதுவும் எழவே வேண்டாம். வாத்தியாரிடம் சொன்னேன். "இத்தனை வயசுல விரலை மாத்தச் சொல்றியா" என்றார். அவர் ஆங்கில எழுத்தில் அம்மா என்று தட்டித் தமிழில் வரவைப்பவர். என்னாலும் முழுதாக மாற முடியவில்லை, யூனிகோடு வருவதற்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்த பழைய வேலைகள் இன்னும் திருத்தத்துக்கு வருகின்றன. பர்மிய எழுத்திலும் இதே தலைவலிதான். 2019 அக்டோபர் 1 அன்று நாடே ஜாஜி என்கிற பழைய எழுத்து முறையிலிருந்து உலகப் பொது முறையான யூனிகோடுக்கு மாறியது, ஆனால் பழைய பெட்டிகளில் ஜாஜிக்கான விசைப்பலகை இன்னும் ஸ்டார்ட்அப்பில் உட்கார்ந்திருக்கும், புதியதும் எழும், எது முந்தியது என்று தெரியாமல் அடித்தால் எழுத்து தாறுமாறாக வரும். அங்கே மட்டும் பழையதைத் தயங்காமல் எடுங்கள்.

டாஸ் காலத்திலும் இதே பஞ்சாயத்துதான். மொத்தம் 640 கேபி நினைவகம், அதில் மவுஸுக்கு ஒன்று, சிடி டிரைவுக்கு ஒன்று என்று எது எது ஏற வேண்டும் என்று ஆட்டோஎக்ஸெக் என்ற கோப்பில் நாமே ஒரு வரி ஒரு வரியாக எழுதுவோம். கஷ்டம்தான், ஆனால் எழுதியது என்ன என்று தெரியும். இப்போது மென்பொருளைப் போடும்போதே ஒரு மூலையில் டிக் மார்க் போட்டுவைத்து அவர்களே எழுதிக்கொள்கிறார்கள். ஒவ்வொருவனும் தன் மென்பொருள்தான் இந்தப் பெட்டியின் வீட்டுக்காரன் என்று நினைக்கிறான். கேட்டுவிட்டு ஏறினால் என்ன குறைந்துவிடும்? இதைப் பற்றி உங்கள் கணினிப் பகுதி ஒரு நாள் காரமாக எழுதினால் நான் பத்துப் பேருக்கு அனுப்புவேன்.

அதோடு, அந்தத் துணுக்குக்கு ஒரு திருத்தம் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி டாஸ்க் மேனேஜரைத் திறக்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் முதலில் அந்தப் பட்டியலைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ மட்டும் டிஸேபிள் செய்து ஒரு நாள் முழுக்க வேலை பார்க்கட்டும். எது போனது என்று தெரிந்தால் எனேபிள் செய்துகொள்ளலாம், ஒன்றும் அழிந்துபோவதில்லை. பதினேழையும் ஒரே மூச்சில் எடுத்தால் எது எதற்கு என்று கண்டுபிடிக்க என்னை மாதிரி ஒருவன் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டியிருக்கும். மேலே வலது பக்கம் பயாஸ் நேரம் என்று சில பெட்டிகளில் ஒரு எண் காட்டும், அது விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே போகிற நேரம், ஸ்டார்ட்அப்பில் எதை எடுத்தாலும் அது குறையாது என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள், சிலர் அதைப் பார்த்துப் பார்த்து நொந்துகொள்கிறார்கள்.

கடைசியில் வாத்தியார் பெட்டியில் பதினேழில் ஐந்து நிற்கிறது. பொத்தானை அமுக்கியதிலிருந்து முதல் தமிழ் எழுத்து விழுகிற வரை போனில் அளந்தேன், முன்பு நாலு நிமிஷம் பத்து நொடி இருந்தது ஒரு நிமிஷம் ஐம்பதுக்கு வந்தது. கிளம்பும்போது அவர் ஒன்று கேட்டார், பெட்டி திறந்ததும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் வருகைப் பதிவேடு தானாக வந்து நிற்குமா என்று. ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் அந்தக் கோப்புக்கு ஒரு ஷார்ட்கட் போட்டுக் கொடுத்தேன். அதற்காக எக்செல் முழுசும் எழுந்து வருகிறது, கூடுதலாகப் பதினோரு நொடி. "இருக்கட்டும் தம்பி, பிள்ளைங்க பேர் முதல்ல வரட்டும்" என்று சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
டிடிபி கடைக்காரன்,
ரங்கூன்.